திண்ணை இல்லாத இடத்தில் முதல் வார்த்தை

முன்பின் அறியாத இருவர் பேசத் தொடங்கும்போது, அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவர் அவர்களுள் ஒருவர் என்று தோன்றினாலும், உண்மையில் அந்த வேலையின் பெரும்பகுதியை அவர்கள் நிற்கும் இடமே செய்து முடித்திருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் "தாம்பரம் வண்டி போயிடுச்சா?" என்று கேட்பவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வதில்லை, ஏன் கேட்கிறார் என்று விளக்குவதுமில்லை. அவர் நிற்கும் இடமும், தோளில் தொங்கும் பையும், சாலையை எட்டி எட்டிப் பார்க்கும் பார்வையும் அந்த விளக்கங்களை முன்பே கொடுத்துவிட்டன. ரேஷன் கடை வரிசையிலும், அரசு மருத்துவமனையின் வெளிநோயாளிகள் பிரிவிலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும் அறிமுகமில்லாதவர்கள் எளிதாகப் பேசிக்கொள்வதற்குக் காரணம், எதைப் பற்றிப் பேசலாம், எவ்வளவு நேரம் பேசலாம், எப்போது விலகலாம் என்பனவற்றை அந்த இடங்களே சொல்லிவிடுவதுதான். பழைய தமிழ் வீடுகளின் திண்ணை இந்த நுட்பத்தை அறிந்தே கட்டப்பட்டது போல இருக்கிறது: வீட்டுக்குள்ளும் சேராமல் தெருவிலும் சேராமல் நடுவில் நின்ற அந்த மேடையில் வழிப்போக்கர் அனுமதி கேளாமலே உட்காரலாம், வீட்டுக்காரர் விரும்பினால் பேசலாம், விரும்பாவிட்டால் யார் மனமும் கோணாமல் உள்ளே போய்விடலாம்.

இணையத்தில் இந்த இடம் இல்லை. ஒருவருடைய செய்தி இன்னொருவருடைய கைப்பேசியில் வந்து விழும்போது, அனுப்பியவர் எங்கே நிற்கிறார், எந்த வேலையாக வந்தார், எவ்வளவு நேரம் கேட்கிறார் என்பவற்றுள் எதுவும் அதனுடன் வருவதில்லை. பெறுபவரின் பார்வையில் அது நள்ளிரவில் கதவைத் தட்டும் ஓசைக்கு நிகரானது. ஆகவே இணையத்தில் எழுதப்படும் முதல் வரி, நேர் வாழ்வில் இடம் செய்துவந்த வேலை முழுவதையும் தன் தலையில் சுமக்க வேண்டியிருக்கிறது. நல்ல தொடக்கம் என்பது சாமர்த்தியமான சொற்களாலோ நகைச்சுவையாலோ அமைவதன்று. எதிரில் இருப்பவர் வந்து உட்காரவும், வேண்டாமென்றால் எழுந்து போகவும் ஏற்ற ஒரு திண்ணையைச் சொற்களால் கட்டித் தருவதாலேயே அமைகிறது என்பதை, கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக மொழியியலாளரும் உளவியலாளரும் கணினி அறிஞரும் தனித்தனியே செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது காணலாம்.

தொலைபேசி மணியும் வெறும் "ஹாய்"யும்

உரையாடலின் தொடக்கத்தை நுணுகி ஆராய்ந்த முதல் ஆய்வுகளுள் ஒன்று, அமெரிக்கச் சமூகவியலாளர் இம்மானுவேல் ஷெக்லாஃப் 1968-இல் வெளியிட்ட கட்டுரை. காவல் துறைக்கு வந்தும் அங்கிருந்து போயும் பதிவான ஏறத்தாழ 500 தொலைபேசி அழைப்புகளின் தொடக்கங்களை எடுத்துக்கொண்டு, அழைப்பை ஏற்பவரே முதலில் பேசுகிறார் என்ற விதியை அவர் வகுத்தார். ஆனால் 500-இல் ஒரே ஓர் அழைப்பு மட்டும் அந்த விதிக்கு அடங்கவில்லை; எடுத்தவர் பேசாமல் இருக்க, அழைத்தவரே முதலில் "ஹலோ" என்றார். அந்த ஒன்றை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடாமல், 499-க்கும் அந்த ஒன்றுக்கும் பொருந்துகிற வேறொரு விளக்கத்தை ஷெக்லாஃப் தேடிக் கண்டார் என்பது அறிவியல் நேர்மைக்கு நல்ல எடுத்துக்காட்டு. உரையாடல் "ஹலோ"வில் தொடங்குவதில்லை, மணி ஒலிப்பதிலேயே தொடங்கிவிடுகிறது என்பதே அந்த விளக்கம். மணி ஒரு கூப்பாடு; "ஹலோ" என்பது கூப்பாட்டுக்குக் கிடைக்கும் ஏன்-என்ற-குரல். இப்படி ஒன்று வந்தால் மற்றொன்று வந்தே தீர வேண்டும் என்று பிணைந்து நிற்கும் கூற்றுகளை உரையாடல் ஆய்வாளர்கள் ஓர் இணையாகக் கொள்கின்றனர். கேள்வியும் பதிலும், வணக்கமும் எதிர்வணக்கமும் அத்தகைய இணைகள். கூப்பாட்டுக்குக் குரல் கொடுத்தவர், அழைத்தவர் தம் காரணத்தைச் சொல்வார் என்று காத்திருக்கிறார். காரணம் வராவிட்டால் அவருக்கு எரிச்சல் வருவது இயல்பு.

இணையத்தில் அறியாத ஒருவர் அனுப்பும் வெறும் "ஹாய்" ஏன் பெரும்பாலும் பதிலின்றிக் கிடக்கிறது என்பதற்கு இந்த ஆய்வு விடை தருகிறது. எழுதியவர் அதை வணக்கம் என்று எண்ணி அனுப்புகிறார். பெற்றவருக்கோ அது மணியோசையாக மட்டுமே கேட்கிறது. நேரில் மணியோசைக்கும் காரணத்துக்கும் இடையே சில விநாடிகளே கழிகின்றன. பத்து மொழிகளில் நடந்த உரையாடல்களை டான்யா ஸ்டிவர்ஸும் அவருடைய குழுவினரும் அளந்து 2009-இல் வெளியிட்ட முடிவின்படி, ஒருவர் கேட்டு முடித்ததற்கும் மற்றவர் விடை சொல்லத் தொடங்குவதற்கும் இடையே உள்ள நேரம் சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். எழுத்துவழிப் பேச்சிலோ இந்த இடைவெளி மணிக்கணக்காகவும் நாள்கணக்காகவும் நீளக்கூடும். காலையில் வந்த "ஹாய்"க்கு மாலையில் "சொல்லுங்கள்" என்று எழுதி, மறுநாள் "எப்படி இருக்கீங்க?" என்று வந்து, அதற்கும் விடை எழுதிய பிறகே காரணம் தெரியும் என்றால், எதற்காக என்றே தெரியாத ஒன்றுக்குப் பெறுபவர் இரண்டு முறை விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதனால் நலம் விசாரிப்பதே தேவையற்றது என்று கொள்ளக்கூடாது. செய்தி எதையும் சொல்லாமல் உறவை மட்டும் பேணும் இத்தகைய பேச்சின் மதிப்பை, டிரோப்ரியண்ட் தீவுகளில் பல மாதங்கள் தங்கி ஆய்ந்த மானிடவியலாளர் பிரானிஸ்லா மலினோவ்ஸ்கி 1923-இலேயே எடுத்துக்காட்டினார். தமிழில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பவர் உணவைப் பற்றிய தகவலைத் தேடுவதில்லை, உன் நலத்தில் எனக்கு அக்கறை உண்டு என்பதைச் சொல்கிறார். ஆனால் அந்த அக்கறைக்கு உரிமை ஏற்கெனவே இருக்கும் இடத்தில்தான் அக்கேள்வி இனிக்கும். பெயரும் முகமும் அறியாத ஒருவரிடமிருந்து இரவு பதினொரு மணிக்கு வரும் அதே "சாப்பிட்டாச்சா?" அச்சத்தையே உண்டாக்குகிறது. சொல் ஒன்றுதான், அதைத் தாங்கி நிற்கும் பொதுத்தளம் இல்லை.

பொதுத்தளம் என்பது இங்கே ஒரு கலைச்சொல். இருவருக்கும் தெரிந்தவை மட்டுமன்றி, இருவருக்கும் தெரியும் என்பதும் இருவருக்கும் தெரிந்திருக்கிற செய்திகளின் தொகுப்பையே மொழி உளவியலாளர் ஹெர்பர்ட் கிளார்க் இப்படிக் குறித்தார். அவரும் சூசன் பிரென்னனும் 1991-இல் எழுதிய கட்டுரை, நேர்ப்பேச்சு, தொலைபேசி, கடிதம், கணினிச் செய்தி ஆகிய ஒவ்வோர் ஊடகமும் இந்தத் தளத்தைக் கட்டுவதற்கு எந்த வசதியைத் தருகிறது, எதை மறுக்கிறது என்று ஒப்பிட்டது. எழுத்துவழிப் பேச்சில் ஒருவரை ஒருவர் காண முடியாது, குரல் கேட்காது, எதிரில் இருப்பவர் புரிந்துகொண்டாரா என்பதற்குத் தலையசைப்புக் கிடைக்காது. ஆனால் நேர்ப்பேச்சுக்கு இல்லாத இரண்டு வசதிகள் அதற்கு உண்டு: எழுதியவர் அனுப்பும் முன் திருத்தலாம், பெற்றவர் வேண்டிய மட்டும் திரும்பப் படிக்கலாம். நல்ல தொடக்கம் எழுதுபவர்கள் இந்த இரண்டையும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். பேசுவது போலவே துண்டுதுண்டாக எழுதி அனுப்புபவர்கள் எழுத்தின் வசதிகளை விட்டுவிட்டு அதன் குறைகளை மட்டும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

கம்பியிலும் காற்றிலும் நடந்த பேச்சு

முகம் தெரியாதவரோடு தொலைவிலிருந்து பேசுவது இணையம் கொண்டுவந்த புதுமையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தந்தி இயக்குநர்கள் வேலை குறைந்த நேரங்களில் கம்பிவழியே ஒருவரோடு ஒருவர் அரட்டை அடித்தனர். புள்ளியும் கோடும் தட்டும் கைவாகைக் கொண்டே எதிர்முனையில் இருப்பவரை அடையாளம் காணப் பழகியிருந்தனர். முன்பு தந்தி இயக்குநராக இருந்த எல்லா சீவர் தாயர் என்ற அமெரிக்கப் பெண், கம்பிவழியே மட்டும் பழகிக் காதல் கொள்ளும் இருவரைப் பற்றி 1879-லேயே ஒரு நாவல் எழுதினார்.

ஹாம் என்று அழைக்கப்படும் அமெச்சூர் வானொலியாளர்கள் இச்சிக்கலுக்குக் கண்ட தீர்வு இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. உரிமம் பெற்ற ஒருவர் எவரிடமாவது பேச விரும்பினால், "சி க்யூ, சி க்யூ" என்று அழைத்துத் தம் நிலையத்தின் அழைப்புக்குறியைச் சொல்கிறார். "கேட்கும் எவரும் பதில் தரலாம்" என்பதே அந்த இரண்டு எழுத்துகளின் பொருள். இந்திய நிலையங்களின் குறிகள் பெரும்பாலும் வி யு என்ற எழுத்துகளிலும், இலங்கையினுடையவை 4 எஸ் என்பதிலும் தொடங்குவதால், குறியைக் கேட்ட அளவிலேயே அழைப்பவர் எந்த நாட்டார் என்பது தெரிந்துவிடும். பதில் தருபவர் முதலில் தம் பெருமை எதையும் பேசுவதில்லை. "உங்கள் குரல் ஐந்து-ஒன்பது" என்கிறார். ஐந்து என்பது சொற்கள் முழுத் தெளிவோடு கேட்கின்றன என்பதையும், ஒன்பது என்பது அலை வலுவாக வருகிறது என்பதையும் காட்டும் அளவுகள். அடுத்துத் தம் பெயர், ஊர். பின்னர் வேண்டுமானால் தம் கருவி, ஏரியலின் உயரம், அன்றைய வானிலை. முடிக்கும்போது "எழுபத்து மூன்று". நல்வாழ்த்து என்பதைக் குறிக்கும் இந்த எண் தந்திக் காலத்திலிருந்தே வருகிறது.

இந்தச் சடங்கின் ஒவ்வொரு கூறும் ஒரு வேலையைச் செய்கிறது. பேச விருப்பமுள்ளவர் மட்டுமே "சி க்யூ" சொல்வதால், விருப்பமில்லாதவரை எவரும் தொந்தரவு செய்வதில்லை. அழைப்புக்குறி, பேசுபவரைப் பொறுப்புக்கு உட்படுத்துகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, புதியவர் சொல்லும் முதல் செய்தி எதிரில் இருப்பவருக்குப் பயன்படும் செய்தியாக இருக்கிறது: தம் குரல் எவ்வளவு தூரம், எவ்வளவு தெளிவாகப் போய்ச் சேர்ந்தது என்பதை ஒரு வானொலியாளர் தாமே அறிய முடியாது, கேட்டவர்தான் சொல்ல வேண்டும். முதல் கூற்றிலேயே கேட்பதைவிடக் கொடுப்பது முந்தி நிற்கும் இந்த ஒழுங்கு, தொடக்கங்களுக்கெல்லாம் முன்மாதிரி என்றே சொல்லலாம். இணையத்தில் ஒருவர் எழுதிய கட்டுரையையோ எடுத்த படத்தையோ குறித்து எழுதுபவர், அது தம்மை எவ்வாறு வந்தடைந்தது, அதில் எது தெளிவாக இருந்தது, எது விளங்கவில்லை என்று சொல்லித் தொடங்குவாரானால், அவரும் "ஐந்து-ஒன்பது" என்றே சொல்கிறார்.

எழுத்தில் கேட்காத குரல்

எழுதும்போது எழுதுபவரின் காதில் ஒரு குரல் ஒலிக்கிறது. படிப்பவரின் காதில் அது ஒலிப்பதில்லை. ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் உடன் ஆய்வாளரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இந்த எளிய உண்மைக்கு அளவு கண்டது. சில வாக்கியங்களை உண்மையான பொருளிலும் சிலவற்றைக் கேலியாகவும் மின்னஞ்சலில் அனுப்பியவர்கள், எது கேலி என்பதைப் பெறுபவர்கள் 78 விழுக்காடு சரியாகக் கண்டுகொள்வார்கள் என்று எதிர்பார்த்தனர். பெற்றவர்கள் சரியாகச் சொன்னதோ 56 விழுக்காடு மட்டுமே. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் பாதிக்குப் பாதி சரியாக வந்திருக்கும். அதே வாக்கியங்களைக் குரலில் கேட்டவர்கள் எதிர்பார்ப்புக்கு நெருக்கமாகவே கண்டுகொண்டனர். குறை சொற்களில் இல்லை. தம் மனத்தில் இருப்பது சொல்லிலும் இருக்கிறது என்று எழுதுபவர் நம்பிவிடுவதில் இருக்கிறது.

கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினி அறிஞர் ஸ்காட் ஃபால்மன் 1982 செப்டம்பர் 19 அன்று, வேடிக்கையாக எழுதுபவர்கள் முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் அடுத்தடுத்து இட்டு ஒரு சிரித்த முகத்தைக் காட்டலாம் என்று முன்மொழிந்ததும் இந்தக் குறையைப் போக்குவதற்காகவே. இன்றைய இமோஜிகளுக்கு முன்னோடியான அந்தக் குறி நெருங்கியவர்களிடையே நன்றாகவே வேலை செய்கிறது. அறியாதவர்களிடையே அதுவும் ஐயத்துக்கு இடமாகிறது. முதல் செய்தியில் வரும் கண்சிமிட்டும் முகத்துக்கு எத்தனை பொருள் கொள்ளலாம் என்பதைப் பெண்கள் நன்கு அறிவார்கள். அறிமுகம் ஏற்படும் வரையில் கேலியும் குத்தலும் இரட்டைப் பொருளும் தவிர்த்து நேராக எழுதுவதே பாதுகாப்பு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எழுத்தின் வறுமை சில வேளைகளில் உறவுக்கு வளமாகவும் அமைகிறது என்று தொடர்பியல் அறிஞர் ஜோசப் வால்தர் 1996-இல் வாதிட்டார். முகம், உடை, நிறம், தயக்கம் ஆகியவை மறைந்திருப்பதால் எழுதுபவர் தம்முள் சிறந்ததைத் தேர்ந்து காட்டுகிறார். படிப்பவர் தெரியாத இடங்களைத் தம் நல்லெண்ணத்தால் நிரப்பிக்கொள்கிறார். ஆகவே நேரில் பழகுவதைவிட நெருக்கமான உறவுகளும் எழுத்துவழியே உருவாகின்றன என்பது அவர் கருத்து. பேனா நண்பர்களாகப் பல ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டு ஒருமுறையும் நேரில் பாராத தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எந்தச் சொல்லில் பிளவு தொடங்குகிறது

நன்றாகத் தொடங்கிய பேச்சு எப்படிச் சண்டையில் முடிகிறது என்பதை ஆராய்வதற்கு, விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதுவோர் தம்முள் விவாதிக்கும் பேச்சுப் பக்கங்கள் நல்ல களமாக அமைந்தன. முன்பின் அறியாதவர்கள் ஒரு பொது வேலைக்காகக் கூடும் இடம் அது. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜஸ்டின் ஜாங், கிறிஸ்டியன் டானெஸ்கு-நிக்குலெஸ்கு-மிசில் முதலியோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பண்பாகவே தொடங்கிய உரையாடல்கள் இரண்டிரண்டாக எடுக்கப்பட்டன: ஒன்று பின்னர் தனிமனிதத் தாக்குதலில் முடிந்தது, மற்றொன்று கடைசிவரை பண்பாகவே நடந்தது. முதல் செய்தியையும் அதற்கு வந்த முதல் மறுமொழியையும் மட்டும் காட்டி, எது கெட்டுப்போகும் என்று கேட்டபோது மனிதர்கள் 72 விழுக்காடும், கணினி நிரல் ஏறத்தாழ 62 விழுக்காடும் சரியாகச் சொன்னார்கள். முழு உறுதி இல்லை. ஆயினும், பின்னால் வரப்போகும் பிளவின் கீறல் முதல் இரண்டு கூற்றுகளிலேயே ஓரளவு தெரிந்துவிடுகிறது. நன்றியும் வணக்கமும், "என்று நினைக்கிறேன்" என்பது போன்ற தணிப்புச் சொற்களும் வந்த உரையாடல்கள் பெரும்பாலும் பிழைத்தன. "நீங்கள்" என்று எதிராளியைச் சுட்டித் தொடங்கும் வாக்கியங்களும், "ஏன் இதை அழித்தீர்கள்?" என்பது போன்ற நேரடி வினாக்களும் வந்தவை கெட்டுப்போகும் பக்கமே அதிகம் சாய்ந்தன.

டானெஸ்கு-நிக்குலெஸ்கு-மிசில் வேறு சிலரோடு 2013-இல் வெளியிட்ட முந்தைய ஆய்வில் கண்ட இன்னொரு நுட்பம் வியப்பூட்டுவது: ஆங்கிலத்தில் வாக்கியத்தின் நடுவே வரும் தயவுச்சொல் பணிவாகவும், வாக்கியத்தின் முதலில் வரும் அதே சொல் கட்டளையாகவும் படிக்கப்படுகிறது. தமிழில் பணிவு தனிச்சொல்லில் தங்கியிருப்பதைவிட வினைமுற்றிலும் அசைச்சொல்லிலும் தங்கியிருக்கிறது. "தயவுசெய்து விளக்கம் அளிக்கவும்" என்பது அலுவலகச் சுற்றறிக்கை போல விறைத்து நிற்க, "கொஞ்சம் விளக்கினால் நன்றாக இருக்கும்" என்பதும், "நேரம் இருந்தால் சொல்லுங்களேன்" என்பதும் இயல்பாகவே தணிந்து வருகின்றன. "கொஞ்சம்" என்ற சொல் அங்கே அளவைக் குறிப்பதில்லை. கேட்பதன் பாரத்தைக் குறைக்கிறது. "சொல்லுங்களேன்" என்பதில் ஈற்றில் நிற்கும் ஓசை, கட்டளையை வேண்டுகோளாக்கி, மறுப்பதற்கும் வழி விடுகிறது.

தமிழர்க்கு முன்னிலைப் பெயரும் ஒரு சிக்கல். ஒருவரை ஒருமையில் அழைப்பதும் பன்மையில் அழைப்பதும் அதிகாரத்தையும் நெருக்கத்தையும் எப்படிக் காட்டுகின்றன என்பதை ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் ஐரோப்பிய மொழிகளை வைத்து 1960-இல் விளக்கினார்கள். தமிழில் நீ, நீங்கள் என்ற இரண்டோடு, யாழ்ப்பாணப் பேச்சில் இன்றும் வழங்கும் "நீர்" என்ற இடைநிலையும் உண்டு. வயதும் பாலும் தெரியாத இணையத்தில் எதை எடுப்பது என்ற தயக்கத்திலிருந்தே "சகோ", "ப்ரோ", "தோழர்", "நண்பரே" என்ற விளிகள் பெருகின. அவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு வட்டத்தின் வாசனையைக் கொண்டுவருகிறது. "அக்கா" என்று அறியாத பெண்ணை அழைப்பது சிலருக்கு மரியாதையாகவும் சிலருக்கு வலிந்து கொண்டாடும் உறவாகவும் படுகிறது. பெயர் தெரிந்தால் பெயரும் "நீங்கள்" என்பதுமே எவரையும் புண்படுத்தாதவை. உறவுச்சொல்லை எதிரில் இருப்பவர் முதலில் எடுத்துக் கொடுத்த பிறகு பயன்படுத்துவதே முறை.

ஊரைக் கேட்பதிலும் கவனம் வேண்டும். "எந்த ஊர்?" என்பது தமிழர் பேச்சின் மிகப் பழகிய தொடக்கம், பொதுவான ஒன்றைக் கண்டுபிடித்து மகிழும் ஆசை அதில் இருக்கிறது. ஆனால் ஊருக்கு அடுத்துத் தெருவையும், தெருவுக்கு அடுத்துக் கோயிலையும் கேட்டுச் சாதியைத் துருவி அறியும் வழக்கமும் அதே வாசல் வழியாகத்தான் நுழைகிறது. அந்தத் துருவலுக்கு ஆளாகிப் பழகியவர்களுக்கு முதல் கேள்வியே கசக்கும். இதை அறியாமல் கேட்டாலும் தவறு தவறுதான். ஒருவரின் பிறப்பைத் தொடாமல் அவருடைய செயலைத் தொட்டுத் தொடங்குவதே நாகரிகம்.

கேள்விக்குள் இருக்கும் கவனம்

ஒருவரின் செயலைத் தொட்டுத் தொடங்குவது எப்படி இருக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். வேடந்தாங்கலில் எடுத்த நத்தைகுத்தி நாரைப் படங்களை ஒருவர் பொதுவெளியில் பகிர்ந்திருக்கிறார் என்று கொள்வோம். "சூப்பர்" என்று எழுதுபவருக்கு "நன்றி" என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை; அங்கே பேச்சு முடிந்துவிடுகிறது. "எந்த கேமரா?" என்பதற்கு ஒரே சொல்லில் விடை உண்டு. மூன்றாமவர் இப்படி எழுதுகிறார்: "வணக்கம். உங்கள் நான்காவது படத்தில் உள்ள இளம் பறவையின் அலகில், பெரிய பறவைக்கு இருப்பது போன்ற இடைவெளியைக் காணவில்லையே. பறவைகளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. அந்த இடைவெளி வளர வளரத்தான் உண்டாகிறதா? நேரம் கிடைக்கும்போது சொன்னால் போதும்." நத்தைகுத்தி நாரையின் குஞ்சுகள் உண்மையிலேயே அலகில் இடைவெளி இல்லாமல்தான் பிறக்கின்றன. ஆகவே அந்தக் கேள்வி படத்தை உற்றுப் பார்த்த ஒருவரால் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி. பார்த்தேன் என்று சொல்லாமலே பார்த்ததற்குச் சான்று தருகிறது; தம் அறியாமையை ஒளிக்கவில்லை; எந்த அளவு விடை வேண்டும் என்பதைக் காட்டுகிறது; கடைசி வாக்கியம் அவசரத்தை நீக்கிவிடுகிறது. நான்கே வாக்கியங்களில் ஒரு திண்ணை எழும்பிவிட்டது.

கேள்வி கேட்பது விருப்பத்தை வளர்க்கிறது என்பதைக் கேரன் ஹுவாங் முதலியோர் 2017-இல் சோதித்துக் காட்டினர். அறியாத இருவரை இணைய அரட்டையில் 15 நிமிடம் பேசவிட்டு, சிலரிடம் குறைந்தது ஒன்பது கேள்விகள் கேட்குமாறும், வேறு சிலரிடம் நான்குக்கு மேல் கேட்க வேண்டாம் என்றும் சொல்லப்பட்டது. அதிகம் கேட்டவர்களையே எதிரில் இருந்தவர்கள் கூடுதலாக விரும்பினார்கள். ஆனால் எண்ணிக்கையைவிட வகையே முக்கியம் என்பதும் தெரிந்தது: சொன்ன விடையிலிருந்து முளைக்கும் தொடர்கேள்விக்குத்தான் அந்த ஆற்றல் அதிகம். நாரைப் படம் எடுத்தவர் "ஆமாம், வளர்ந்த பிறகுதான் இடைவெளி வரும்" என்று விடை சொன்னால், "அப்படியானால் அதுவரை குஞ்சு நத்தையை எப்படித் தின்னும்?" என்பது தொடர்கேள்வி. அதை விட்டு "நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்கள்?" என்று தாவினால், முதல் கேள்வியே ஒரு சாக்குத்தான் என்று தோன்றிவிடும்.

கேட்டுக்கொண்டே இருப்பதும் விசாரணையாகிவிடும். தம்மைப் பற்றிச் சிறிது சொல்வதும், அவர் சொன்ன அளவுக்கு ஏற்பத் தாமும் திறப்பதும் உறவை வளர்க்கும் என்பது உளவியலில் நெடுநாள் அறியப்பட்டது. முதல் நாளிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுவது எதிரில் இருப்பவர் மீது கடன் சுமத்துவதாகும்.

பேசத் தயங்குவோரும் பதில் தராதிருப்போரும்

சிகாகோ நகரின் ரயில் பயணிகளிடம் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் நடத்தி 2014-இல் வெளியிட்ட சோதனையில், பக்கத்தில் இருக்கும் அந்நியரோடு பேசினால் பயணம் இனிமையற்றதாகிவிடும் என்றே மக்கள் எதிர்பார்த்தனர். ஆனால் பேசச் சொல்லி அனுப்பப்பட்டவர்களே இனிமையான பயணத்தை அனுபவித்தனர். எரிக்கா பூத்பி முதலியோர் 2018-இல் காட்டிய இன்னொரு உண்மை, உரையாடல் முடிந்த பிறகு மற்றவர் தம்மை எவ்வளவு விரும்பினார் என்பதை மனிதர்கள் வழக்கமாகக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பது. எழுதலாமா வேண்டாமா என்று பாதி வரியில் அழித்துவிடும் கூச்சக்காரர்கள் இந்த இரண்டு முடிவுகளையும் நம்பலாம்.

ஆனால் இவற்றை எடுத்துக்கொண்டு, யாருடைய பெட்டியிலும் எதையும் எழுதலாம் என்று கிளம்புவது பெரும் தவறு. ரயிலில் பக்கத்தில் இருப்பவர் ஒருவர். இணையத்தில் ஒரு பெண்ணுக்கு ஒரே நாளில் பத்து அந்நியர் எழுதக்கூடும். பியூ ஆய்வு மையம் 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி அமெரிக்காவில் வயது வந்தோருள் 41 விழுக்காட்டினர் இணையவழித் துன்புறுத்தலுக்கு ஆளாகியிருக்கின்றனர். 35 வயதுக்குட்பட்ட பெண்களுள் மூவரில் ஒருவர் பாலியல் வகைத் துன்புறுத்தலைச் சந்தித்திருக்கிறார். அத்தகைய ஒருவர் புதிய செய்தியைக் கண்டு ஒதுங்குவது கர்வமன்று, அனுபவம். ஆகவே பதில் வராமையையும் ஒரு பதிலாக ஏற்றுக்கொள்வது தொடங்குபவரின் கடமை. "ஏன் பதில் இல்லை?" என்ற இரண்டாவது செய்தி, முதல் செய்தி கட்டிய நல்லெண்ணத்தையும் இடித்துவிடும்.

நேரமும் மனநிலையும் கவனிக்கத்தக்கவை. ஜஸ்டின் செங் முதலியோர் 2017-இல் வெளியிட்ட சோதனையில், மனநிலை நன்றாக இருந்து முன்னால் இருந்த கருத்துகளும் நல்லவையாக இருந்தபோது புண்படுத்தும் வகையில் எழுதப்பட்ட கருத்துகளின் பங்கு 35 விழுக்காடு. கடினமான தேர்வால் மனம் கெட்டு, முன்னால் இருந்த கருத்துகளும் கெட்டவையாக இருந்தபோது அது 68 விழுக்காடாக உயர்ந்தது. பிறவியிலேயே வம்புக்காரர் என்று ஒரு தனிக் கூட்டம் இருக்கிறது என்ற நம்பிக்கையை இந்த ஆய்வு அசைத்துவிட்டது. பொது விவாதங்களில் திண்ணையை முன்கூட்டியே கட்டிவைக்கவும் முடியும்: நேதன் மட்டியாஸ் 2,190 அறிவியல் விவாதங்களில் நடத்தி 2019-இல் வெளியிட்ட சோதனையில், நடத்தை விதிகளை விவாதத்தின் தலைமாட்டில் எழுதிவைத்த இடங்களில் புதியவர்கள் விதிகளைக் கூடுதலாகப் பின்பற்றியதோடு, பங்குகொண்ட புதியவர்களின் எண்ணிக்கையும் சராசரியாக 70 விழுக்காடு உயர்ந்தது. விதி அவர்களை விரட்டவில்லை. இங்கே உட்காரலாம் என்ற துணிவைக் கொடுத்தது.

தொடங்குபவரின் பொறுப்பைப் பற்றியே இதுவரை பேசப்பட்டாலும், தொடக்கத்தின் மறுபாதி பெறுபவரிடம் இருக்கிறது. எலிசபெத் ஜாய்ஸும் ராபர்ட் க்ராவுட்டும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, இணையக் குழுக்களில் முதன்முதலாக எழுதியவர்களைப் பின்தொடர்ந்தது. தம் முதல் செய்திக்கு மறுமொழி பெற்றவர்கள், பெறாதவர்களைவிடத் திரும்ப வந்து எழுதும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. அந்த மறுமொழி இனிமையாக இருந்ததா, கேட்ட கேள்விக்கு விடை சொன்னதா என்பனவற்றால் பெரிய வேறுபாடு எதுவும் ஏற்படவில்லை. யாரோ ஒருவர் மறுமொழி எழுதினார் என்பதே போதுமானதாக இருந்தது. இந்த அத்தியாயத்தைப் படித்து முடிப்பவர்கள், தாம் இருக்கும் குழுவில் எவரேனும் ஒரு புதியவர் அக்கறையோடு எழுதிய முதல் கேள்வி பதிலின்றிக் கிடப்பதைக் கண்டால், விடை தெரியாவிட்டாலும், "எனக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்வார்கள்" என்றாவது ஒரு வரி எழுதுவார்களாக.